சேலத்துக் கிழங்கும் ஒளிரும் உயிரணுவும்

போசரி எம்.ஐ.டி.சி. வட்டாரத்தில் நம்மவர் நாலைந்து பேர் கூடித் தங்கியிருக்கும் எந்த அறையிலும், மருந்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஊரிலிருந்து பொட்டலத்தில் வரும் சூரணமே போதும், ஆஸ்பத்திரி மாத்திரை உடம்பைக் கெடுத்துவிடும் என்பது ஒரு கட்சி. பச்சிலையில் என்ன இருக்கிறது, எல்லாம் பாட்டி வைத்தியம் என்று கேலி செய்வது மற்றொரு கட்சி. முதல் கட்சியைச் சேர்ந்தவர் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடித்து, ஒரு நாள் இரவு ஷிப்டில் தலை சுற்றி விழுகிறார். இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவருக்கோ, ஆஸ்பத்திரி மருந்துகளில் பல செடியிலிருந்து பிறந்தவை என்பதே தெரியாது. வாதம் மட்டும் நடு இரவு வரை நடக்கிறது.

இதே அன்பர்கள் பட்டறைக்குள் நுழைந்துவிட்டால் இப்படிப் பேசமாட்டார்கள். லேத்தில் கடைந்த ஷாஃப்ட் நல்லதா கெட்டதா என்று அங்கே யாரும் வாதம் செய்வதில்லை. கோ-நோகோ கேஜை எடுத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். போக வேண்டியது போய், போகக் கூடாதது நின்றால் சரக்கு பாஸ், இல்லாவிட்டால் ரிஜெக்ட். கடைந்தவர் முப்பது வருஷ அனுபவஸ்தரா, நேற்று வந்த அப்ரெண்டிஸா என்பது கேஜுக்குத் தெரியாது.

மூலிகைக்கும் அப்படி ஒரு கேஜ் வந்திருக்கிறது. அது உயிருள்ள கேஜ். மனித உடலிலிருந்து எடுத்து வளர்த்த உயிரணு, அல்லது ரொட்டி புளிக்க வைக்கும் ஈஸ்ட், அல்லது ஒரு பாக்டீரியா. அதன் மரபணுவில் விஞ்ஞானிகள் ஒரு சிறு வேலை செய்து வைக்கிறார்கள். தேடுகிற குணமுள்ள பொருள் வந்து தொட்டால் அந்த உயிரணு ஒளிரும். தொடாவிட்டால் இருண்டே கிடக்கும். நம் தொழிற்சாலைகளில் சி.என்.சி. இயந்திரத்தில் இருக்கும் சென்சாருக்கும் இதற்கும் வேலையில் அதிக வித்தியாசமில்லை.

இந்தச் சென்சார் உயிரணுக்களை நம் மூலிகைகளுக்கு நம் அரசாங்கமே பொதுப் பணத்தில் பயன்படுத்த வேண்டும். என்ன கேள்வி கேட்பது என்பதையும் நாமே தீர்மானிக்க வேண்டும். இதைச் சொல்லவே இக்கட்டுரை. விஞ்ஞானிகளுக்குள் முடிந்துபோகும் விஷயமென்று தோன்றலாம். ஆனால் இதில் ஆத்தூர் விவசாயியின் வயலும் இருக்கிறது, போசரி வார்ப்படச் சாலையில் தூசி குடிப்பவரின் நுரையீரலும் இருக்கிறது.

நெல்லை, குமரிப் பக்கத்து அன்பர்களுக்குச் சிறுகிழங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தைப்பொங்கல் சந்தையில் மண்ணோடு குவிந்திருக்கும். உரித்து முடிப்பதற்குள் விரல் கறுத்துவிடும். அந்தச் சிறுகிழங்குக்கும் வீட்டு வாசலில் வளரும் கற்பூரவள்ளிக்கும் நெருங்கிய பங்காளி ஒன்று உண்டு. மருந்துக் கூர்க்கன் என்று பெயர். சேலம் மாவட்டத்து ஆத்தூர் வட்டாரத்திலும், திருவண்ணாமலைப் பக்கத்திலும் பயிராகிறது. தண்டைக் கிள்ளி நட்டால் ஆறு மாதத்தில் கிழங்கு தோண்டலாம். குஜராத்திக்காரர்கள் இதை ஊறுகாய் போடுவார்கள். நம் வீடுகளில் துளசி, தூதுவளை அளவுக்குப் பெயர் வாங்கிய செடி அல்ல.

1970-களில் அன்றைய பம்பாயின் முலுந்தில் ஹெக்ஸ்ட் என்ற ஜெர்மன் கம்பெனி ஓர் ஆராய்ச்சி நிலையம் நடத்திவந்தது. அங்கிருந்த இந்திய விஞ்ஞானிகள் நம் நாட்டுச் செடிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாறு இறக்கி, விலங்குகளுக்குச் செலுத்தி, இரத்த அழுத்தமும் இதயமும் என்ன ஆகின்றன என்று பார்த்தார்கள். பொறுமை வேண்டிய வேலை. ஒரு செடிக்கு ஒரு நாள் போதாது. அப்படிப் பார்த்து வந்ததில் கூர்க்கன் கிழங்கின் சாறு இரத்த அழுத்தத்தை இறக்கியது. அதே சமயம் இதயத் துடிப்பின் வலுவைக் கூட்டியது. சாற்றைப் பிரித்துப் பிரித்து அந்தக் குணத்துக்குக் காரணமான ஒற்றைப் பொருளைக் கண்டுபிடித்து 1977-இல் வெளியிட்டார்கள். லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையமும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே கிழங்கில் ஒரு பொருளைக் கண்டு வேறு பெயர் சூட்டியது. இரண்டும் ஒன்றே என்று பின்னால் தெரிந்தது.

உலகத்தில் நிலைத்த பெயர் ஃபோர்ஸ்கோலின். 18-ஆம் நூற்றாண்டில் அரேபியாவுக்குச் செடி தேடிப் போய், ஏமனில் 1763-இல் காய்ச்சலில் இறந்த ஃபோர்ஸ்கால் என்ற ஐரோப்பியரின் நினைவாகச் செடிக்கு வைத்த பெயர் மருந்துக்கும் ஒட்டிக்கொண்டது. சேலமும் இல்லை, முலுந்தும் இல்லை. போகட்டும், பெயரில் என்ன இருக்கிறது!

இந்தப் பொருள் உடம்பில் என்ன செய்கிறது என்பது 1981-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையத்தில் தெரியவந்தது. அதைப் புரிந்துகொள்ள நம் கம்பெனி கேட்டையே நினைத்துக்கொள்ளலாம். அட்ரினலின் போன்ற சுரப்பு நீர் உயிரணுவின் வாசலுக்கு வருகிறது. உள்ளே நுழைய அனுமதி இல்லை. வாசல் காவலர் செய்தியை வாங்கி உள்ளே சொல்ல, அங்கே ஓர் இயந்திரம் ஓடி, சைக்ளிக் ஏஎம்பி என்ற ஏவலாளைத் தயார் செய்து அனுப்புகிறது. அந்த ஏவலாள் இலாகா இலாகாவாக ஓடி, வேலையைத் தொடங்கு என்று சொல்கிறான். இந்த ஏவலாளைக் கண்டுபிடித்த சதர்லாந்து என்ற அமெரிக்கருக்கு 1971-இல் நோபல் பரிசு கிடைத்தது. கூர்க்கன் கிழங்கின் சரக்கோ காவலரிடம் நிற்பதே இல்லை. நேரே உள்ளே போய் இயந்திரத்தின் சுவிட்சைத் தானே போட்டுவிடுகிறது!

அதன் பிறகு உலகமெங்கும் ஆராய்ச்சிக்கூடங்களில் இந்தப் பொருளுக்குத் தனி மதிப்பு வந்தது. இந்த ஏவலாளைக் கண்டால் ஒளிரும்படி உயிரணுவைச் செய்கிறவர்கள், அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் ஃபோர்ஸ்கோலினையே தொட்டுக் காட்டுகிறார்கள். நம் இன்ஸ்பெக்ஷன் அறையில் டயல் கேஜைச் சரிபார்க்க ஒரு மாஸ்டர் பீஸ் வைத்திருப்போமே, அந்த இடம்தான் சேலத்துக் கிழங்குக்கு. பரம்பரை நுரையீரல் நோய் ஒன்றில் எந்த நோயாளிக்கு எந்த மருந்து கேட்கும் என்று அறிய, அவருடைய குடல் உயிரணுக்களைச் சிறு உருண்டைகளாக வளர்த்து ஃபோர்ஸ்கோலின் விட்டுப் பார்க்கும் சோதனையை 2013-இல் நெதர்லாந்துக்காரர்கள் வெளியிட்டார்கள். உருண்டை ஊதினால் மருந்து கேட்கும்; ஊதாவிட்டால் கேட்காது.

இந்தப் பொருளைச் சற்றே மாற்றிச் செய்த ஊசி மருந்து 1999-இல் ஜப்பானில் இதயச் செயலிழப்புக்கு அங்கீகாரம் பெற்றது. நம் ஊரில் அந்தக் கிழங்கின் பெயர் எங்கே கண்ணில் படுகிறது? தொப்பை கரையும் என்று விளம்பரம் செய்யும் காப்ஸ்யூல் டப்பாவின் மேலே! அதற்கு ஆதாரம் மிக மெலிவானது. இரத்த அழுத்தத்தை இறக்கும் பொருள் ஆகையால், ஏற்கெனவே பி.பி. மாத்திரையோ இரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ சாப்பிடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

சென்சார் உயிரணுவை எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் பார்ப்போம். மின்மினிப் பூச்சி தெரியாத கிராமத்தான் இல்லை. அதன் வயிற்றில் ஒளி உண்டாக்கும் சரக்குக்கான மரபணுவை 1980-களில் பிரித்தெடுத்துவிட்டார்கள். கடலில் ஒளிரும் ஜெல்லி மீன் ஒன்றிலிருந்து பச்சை ஒளி தரும் மரபணு கிடைத்தது. அதற்கு 2008-இல் நோபல் பரிசு. இந்த விளக்கை உயிரணுவுக்குள் வைத்து, அதன் சுவிட்சை நாம் விரும்பும் பூட்டோடு இணைத்துவிட வேண்டும். பூட்டு என்றது உயிரணுவின் வாசலில் உள்ள ஏற்பியை. சாவி பொருந்தினால் பூட்டு திறக்கும், விளக்கு எரியும். பணியாரக் கல் போல 384 குழிகள் உள்ள கைப்பிடியளவுத் தட்டில், குழிக்குக் குழி உயிரணுவை விட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு செடிச் சாற்றின் ஒரு பகுதியைச் சொட்டுகிறார்கள். எந்தக் குழி ஒளிர்கிறது என்பதை இயந்திரம் படித்துவிடும். முலுந்தில் ஒரு செடிக்குப் பல நாள் பிடித்த முதல் சலிப்பு, இங்கே ஒரு காலைப் பொழுதில் நூற்றுக்கணக்கில் முடிகிறது. உயிரைக் கொல்லவும் வேண்டியதில்லை.

இதையே தலைகீழாகச் செய்து பெரிய கண்டுபிடிப்பு ஒன்று நடந்தது. மிளகாய் ஏன் எரிகிறது? நாக்கில் எந்தப் பூட்டை அது திறக்கிறது? கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியஸ் என்பவரின் குழுவினர், நெதர்லாந்தில் 1970-களில் உருவாக்கப்பட்ட ஹெச்.இ.கே. 293 என்ற சிறுநீரக உயிரணு வகையை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு மிளகாயைப் பற்றி ஒன்றுமே தெரியாது. வலி உணரும் நரம்பின் மரபணுக்களைக் கூறு கூறாகப் பிரித்து அதற்குள் புகுத்தி, மிளகாய்க் காரத்தை ஊற்றிப் பார்த்தார்கள். எந்தக் கூறு புகுந்த உயிரணு பளிச்சிட்டதோ அதில்தான் பூட்டு இருந்தது. 1997-இல் வெளியிட்டார்கள், 2021-இல் நோபல் பரிசு வந்தது. சூடும் காரமும் ஒரே பூட்டைத் திறக்கின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது. காரச் சட்னியோடு சூடான காப்பி குடித்து வாய் எரிந்தவர் யாரும் அதை ஆச்சரியமாக நினைக்கமாட்டார்!

இதற்கெல்லாம் வெளிநாடு போக வேண்டுமா? வேண்டியதில்லை. இந்த வேலைக்கு முதல் மூலப்பொருள் நல்ல உயிரணு. அதைச் சேமித்து இந்திய ஆராய்ச்சிக்கூடங்களுக்கெல்லாம் அனுப்பிவைக்கும் தேசிய உயிரணு அறிவியல் மையம் புனே பல்கலைக்கழக வளாகத்தில்தான் இருக்கிறது. 1986-இல் தொடங்கிய நிலையம் அது. பாஷானில் 1950 முதல் தேசிய இரசாயன ஆய்வுக்கூடம் இருக்கிறது. சாற்றைப் பிரித்து ஒற்றைப் பொருளை எடுப்பது அங்குள்ளவர்களின் தொழில். செடிகளை அடையாளம் காண்பதில் கைதேர்ந்த அகர்கர் ஆராய்ச்சி நிலையமும் இதே நகரத்தில். போசரியில் பஸ் ஏறினால் மூன்றையும் ஒரே நாளில் வெளியே நின்று பார்த்துவிட்டு வரலாம்.

பக்கத்துப் பிம்ப்ரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் 1954-இல் நேரு காலத்தில் அரசாங்கம் தொடங்கிய தொழிற்சாலை. பல ஆண்டுகளாக நலிந்து கிடக்கும் அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு காலத்தில் என்ன மரியாதை இருந்தது என்பது இளைஞர்களுக்குத் தெரியாது. பெனிசிலின் தயாரித்ததோடு நிற்கவில்லை. சொந்தமாகப் புதிய மருந்தும் கண்டுபிடித்தது. எம்.ஜே. திருமலாச்சார் என்ற பூஞ்சை இயல் அறிஞரும் அவருடைய சகாக்களும் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து 1960-களின் தொடக்கத்தில் ஹாமைசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தை எடுத்தார்கள். அந்த நுண்ணுயிருக்கு அவர்கள் வைத்த பெயர் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா. நம் பிம்ப்ரியின் பெயர்! தட்டில் பூஞ்சையைப் பரப்பி, மருந்துச் சரக்கை நடுவில் வைத்து, சுற்றிலும் வளையம் வெளுக்கிறதா என்று பார்ப்பது அந்தக் காலத்து முறை. அதுவும் உயிரைக் கொண்டு மருந்தைத் தேடும் சென்சார்தான். விளக்கு மட்டும் அப்போது இல்லை. அன்று அரசாங்கச் சம்பளத்தில் இந்த ஊரில் செய்ய முடிந்த காரியத்தை, இன்று இதைவிட நல்ல கருவிகள் இருக்கும்போது செய்ய முடியாது என்று யார் சொல்ல முடியும்?

இந்தக் கருவி ஏமாறாது என்று சொல்ல வரவில்லை. ஏமாறும். அதிலும் செடிச் சாறு இருக்கிறதே, அது பொல்லாத சரக்கு. கடுக்காய், மாதுளந்தோல் போன்றவற்றிலுள்ள துவர்ப்பு, கண்ட புரதத்தின் மீதெல்லாம் ஒட்டிக்கொண்டு பொய்க்கணக்குக் காட்டும். மஞ்சளிலுள்ள குர்குமின் ஒளி பட்டால் தானே ஒளிரும். உயிரணு ஒளிர்ந்ததா மஞ்சள் ஒளிர்ந்ததா என்று கருவி குழம்பும். சோதனைக் குழாயில் அது எல்லா நோய்க்கும் மருந்தாகத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று 2017-இல் மருந்து இரசாயன நிபுணர்கள் விரிவாக எழுதினார்கள். மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு அமெரிக்கா கொடுத்த பேடன்டை வழக்காடி 1997-இல் ரத்து செய்ய வைத்தோம். அந்த வெற்றிக்கு நாடே கைதட்டியது, சரிதான். அதே ஆர்வத்தில் பாதியாவது மஞ்சள் உண்மையில் எதற்குக் கேட்கும், எதற்குக் கேட்காது என்று அறிவதில் காட்டியிருக்கலாம்.

உயிரணு முழு மனிதனும் அல்ல. சர்ப்பகந்தி வேரின் கதை அதற்குச் சாட்சி. அந்த வேர் இரத்த அழுத்தத்தை இறக்கும் என்பதைப் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் பிரிட்டிஷ் இதய நோய்ப் பத்திரிகையில் எழுதி உலகறியச் செய்தார். அதிலிருந்து ரெசர்பின் என்ற மாத்திரை வந்து உலகமெங்கும் விற்றது. ஆனால் அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு இனம் தெரியாத மனச்சோர்வு பிடித்தது. குழித்தட்டிலுள்ள உயிரணு எந்த வெளிச்சத்தில் மனச்சோர்வைக் காட்டும்? அதனால் ஒளிர்ந்த சரக்கெல்லாம் மருந்தாகாது. பிறகு விலங்கு, பிறகு மனிதர், வருஷக்கணக்கான சோதனை எல்லாம் உண்டு. சென்சார் செய்வது முதல் சலிப்பு. உமியை ஒதுக்கினால் போதும், அதுவே பெரிய உபகாரம்.

இன்னொரு குறை இதைவிட முக்கியமானது. கேட்ட கேள்விக்கு மட்டுமே சென்சார் பதில் சொல்லும். நித்தியகல்யாணியை நினைத்துப் பாருங்கள். கல்லறைத் தோட்டத்திலும் கோயில் நந்தவனத்திலும் பூக்கும் செடி. 1950-களில் கனடாவில் நோபிள், பீர் என்ற இரு விஞ்ஞானிகள், சர்க்கரை நோய்க்கு நல்லது என்ற பேச்சைக் கேட்டு ஜமைக்காவிலிருந்து வந்த அதன் இலைச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்தார்கள். சர்க்கரை குறையவில்லை. எலிகளோ தொற்று நோயில் செத்தன. ஏனென்று பார்த்தால் வெள்ளணுக்கள் குறைந்திருந்தன. வெள்ளணு குறைகிறது என்றால் இரத்தப் புற்றுநோய்க்கு உதவுமே! 1958-இல் வின்பிளாஸ்டின் வெளியே வந்தது. புற்றுநோய் வைத்தியத்தில் இன்றும் இருக்கிறது. அவர்களிடம் சர்க்கரையைக் கண்டால் மட்டும் ஒளிரும் உயிரணு இருந்திருந்தால், அது இருண்டே கிடந்திருக்கும். இலை குப்பைக்குப் போயிருக்கும். ஆகவே எந்தப் பூட்டை வைத்துச் சென்சார் செய்கிறோம், கேள்வியைத் தீர்மானிக்கிறவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இலாபத்துக்கு நடத்தும் கம்பெனி, விற்பனை அதிகமுள்ள நோயைத்தான் கேட்கும். அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அதன் தொழில் அது.

நம் கேள்வி வேறு. போசரியில் வார்ப்படச் சாலையிலும் மணல் வீச்சு வேலையிலும் இருப்பவர்களுக்குச் சிலிக்கோசிஸ் என்ற சொல் புதிதல்ல. நுண்ணிய மணல் தூசி நுரையீரலில் படிந்து, அது தழும்பேறி, மூச்சு குறைந்துகொண்டே வரும். அதைக் குணமாக்கும் மருந்து இன்று வரை இல்லை. சீனாவில் ஒரு கொடியின் கிழங்கிலிருந்து எடுத்த டெட்ராண்டிரின் என்ற பொருளை இந்த நோய்க்குக் கொடுக்கிறார்கள். குணமாகிறது என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை, வேகம் குறையலாம் என்கிறார்கள். அதே டெட்ராண்டிரின், மலையாளிகள் பாடக்கிழங்கு என்று சொல்லும் நம் மேற்கு மலைக் கொடியிலும் இருப்பது 1960-களிலேயே தெரிந்த விஷயம். தழும்பு உண்டாக்கும் நுரையீரல் உயிரணுவை, தழும்பேறும் போது ஒளிரும்படி செய்ய முடியும். அந்த ஒளியை அணைக்கும் செடி எது என்று தேட முடியும். யார் தேடுவார்கள்? சிலிக்கோசிஸ் வருவது கல்லுடைப்பவனுக்கும் மோல்டிங் வேலைக்காரனுக்கும். மருந்துக்கு விலை கொடுக்க அவனிடம் பணமில்லை. அரசாங்கம் கேட்காவிட்டால் இந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்கப் போவதில்லை. தூசியைத் தடுக்கும் முகமூடியும் உறிஞ்சு குழாயும் முதலில் வேண்டும் என்று யாராவது சொன்னால், முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஏற்கெனவே தூசி குடித்து முடித்தவர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

நிலவேம்புக் குடிநீர் விஷயத்திலும் இதே கதைதான். டெங்குக் காய்ச்சல் பரவிய காலங்களில் தமிழ்நாடு அரசு அதை ஊர் ஊராக ஊற்றிக் கொடுத்தது. 2017-இல் அதைப் பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. சினிமாக்காரர், வைத்தியர், கட்சிக்காரர் எல்லாரும் பேசினார்கள். உயிரணுவில் டெங்கு வைரஸ் பெருகுவதை அளக்கும் முறைகள் அப்போதே இருந்தன. இலட்சக்கணக்கான மக்களுக்குக் கொடுக்கும் முன்பே, தொகுதிக்குத் தொகுதி, சரக்குக்குச் சரக்கு அளந்து, பிறகு நோயாளிகளிடம் முறைப்படி பார்த்து, முடிவைத் தினசரிகளில் போட்டிருந்தால் இரு கட்சிக்கும் வாய் அடைத்திருக்கும். நல்லது என்று வந்தால் நல்லது. இல்லை என்று வந்தால் அதுவும் நல்லது. வேறு வழி தேடலாம்.

விவசாயியின் பக்கம் வருவோம். கூர்க்கன் பயிரிடுகிறவருக்குக் கிடைப்பது கிழங்கின் விலை மட்டும். ஜப்பானிய ஊசியிலிருந்தோ, ஆராய்ச்சிக்கூடத்துக்கு மில்லிகிராம் கணக்கில் விற்கும் புட்டியிலிருந்தோ அவர் வீட்டுக்கு ஒரு காசும் வரும் ஏற்பாடு இல்லை. கிழங்கின் விலைக்கும் இப்போது ஒரு சோதனை வந்திருக்கிறது. ஃபோர்ஸ்கோலினைச் செடி எப்படிப் படிப்படியாகச் செய்கிறது என்று கண்டுபிடித்து, அந்த மரபணுக்களை ஈஸ்டில் ஏற்றி, ஈஸ்டையே செய்ய வைத்ததாக 2017-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்டார்கள். நித்தியகல்யாணியின் வின்பிளாஸ்டினுக்கான மூலச் சரக்குகளையும் 2022-இல் ஈஸ்டில் செய்து காட்டிவிட்டார்கள். நெல்லை, இராமநாதபுரம் மாவட்டத்துக் கரிசலில் அந்த இலையையும் வேரையும் ஏற்றுமதிக்கென்று பயிரிட்டவர்கள் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். சர்க்கரை நோயோடு தொடர்புள்ள ஒரு மனிதப் புரதத்தைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, அந்தப் புரதத்தை அடக்கும் பொருளைத் தானே செய்துகொள்ளும் பாக்டீரியா மட்டும் பிழைக்கும்படி அமைத்தார்கள். செடியின் மரபணுவை அதற்குள் விட்டால், தேடுவதும் செய்வதும் ஒரே உயிருக்குள் நடந்துவிடுகிறது. 2021-இல் வந்த ஆய்வு அது. செடியும் வேண்டாம், வயலும் வேண்டாம்.

இது அநியாயம் என்று கூச்சலிடுவதில் பயனில்லை. மருந்து மலிவாகக் கிடைத்தால் நோயாளிக்கு நல்லது. ஆனால் பங்கு என்ற ஒன்று உண்டு. அதற்கு நம் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. அகத்தியமலைக் காணிகள் களைப்புத் தெரியாமலிருக்கக் காட்டில் ஒரு பழத்தைத் தின்பதை 1987-இல் கேரள விஞ்ஞானிகள் கண்டார்கள். ஆரோக்கியப் பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு அருகே பாலோடு தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையம் ஜீவனி என்ற மருந்தைச் செய்து, 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் உரிமம் கொடுத்தது. அதில் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடு. பின்னால் வில்லங்கங்கள் வந்தன, தொகையும் பெரிதல்ல. இருந்தாலும் காட்டில் பழம் தின்றவனுக்கும் பங்குண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் அது.

2002-இல் வந்த உயிரினப் பன்மைச் சட்டம் அந்தப் பங்கை நாடு முழுதுக்கும் விதியாக்கியது. அதை நடத்தும் தேசிய ஆணையம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஆனால் 2023-இல் சட்டத்தைத் திருத்திய போது, ஏடுகளில் எழுதி வைக்கப்பட்ட பரம்பரை அறிவைப் பயன்படுத்துவோருக்கும், பயிரிடப்பட்ட மூலிகைக்கும் விலக்கு அளித்துவிட்டார்கள். சித்த வைத்தியருக்குத் தொந்தரவு கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. பெரிய கம்பெனிகளும் அதே கதவு வழியாகப் போய்விடலாமே என்ற கேள்விக்குச் சரியான பதில் வரவில்லை. பயிரிட்ட கிழங்குக்கு விலக்கு என்றால் ஆத்தூர்க்காரருக்குப் பங்கு எந்த வழியில் வரும்?

ஒரே வழிதான் எனக்குத் தெரிகிறது. கண்டுபிடிப்பு பொதுச் சொத்தாக, பொது நிலையத்தில் நடக்க வேண்டும். நம் மாநிலச் செடிகளின் சாறுகளை, எந்த ஊர் மண்ணில், எந்த மாதத்தில், செடியின் எந்தப் பாகத்தில் எடுத்தது என்ற விவரத்தோடு ஒரே இடத்தில் சேமித்து, நம் நோய்களுக்கான சென்சார் உயிரணுக்களில் ஒவ்வொன்றாகச் சொட்டிப் பார்க்க வேண்டும். ஒளிராதவற்றின் பட்டியலையும் வெளியிட வேண்டும். எது வேலை செய்யாது என்று தெரிந்தால் எத்தனை ஏழைக் குடும்பத்தின் காசு மிச்சமாகும்! ஒளிர்ந்தவற்றுக்கு உரிமம் கொடுக்கும் போது பயிரிட்டவருக்கும், சொல்லிக் கொடுத்தவருக்கும் பங்கை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். சென்னையும் புனேயும் கை கோத்தால் ஆகாத காரியமல்ல. உயிரணுவும் இரசாயனமும் இங்கே. செடியும் ஏடும் அங்கே.

இங்கே பிறந்து வளர்ந்து விஞ்ஞானப் பட்டம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உயிரணு வளர்ப்பது பெரிய படிப்பாளிகளால் மட்டும் நடக்கும் வேலையல்ல. வேளை தவறாமல் ஊட்டம் மாற்றி, கிருமி அண்டாமல், ஞாயிற்றுக்கிழமையும் வந்து பார்த்துக்கொள்ளும் கைகள் அதற்கு வேண்டும். மாட்டுக் கொட்டில் பார்த்த குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தப் பொறுப்புப் புரியும்.

புனேயின் ஆராய்ச்சி நிலையங்கள் பல, பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்தையொட்டிப் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடுகின்றன. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகப் போவார்கள். தொழிலாளிகளை அங்கே காண்பது அபூர்வம். அடுத்த முறை ஷிப்ட் இடம் கொடுத்தால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாம். சுற்றிக் காட்டுகிறவரிடம், சிலிக்கோசிஸுக்கு நம் நாட்டுச் செடிகளை யாராவது உயிரணுவில் போட்டுப் பார்க்கிறார்களா என்று கேட்கலாம். மராத்தியிலோ இந்தியிலோ, தெரிந்த மொழியில் கேட்டால் போதும்.